சக்கர நாற்காலி என்னும் புத்தகம்

எங்கள் கிடங்கில் சக்கர நாற்காலி ஒரு புத்தகம். மடக்குக் கட்டில், காற்று மெத்தை, ஆக்சிஜன் இயந்திரம் எல்லாமே புத்தகங்கள்தான். அவற்றை வாடகைக்கு வாங்கி உபயோகிக்கிறவர்கள் வாசகர்கள்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் சில நாள் சிரிப்பார்கள். அப்புறம் அவர்கள் வாயிலும் அது ஒட்டிக்கொள்ளும். "தபால் ஆபீஸ் சந்து வாசகர் நேத்து தவறிட்டாராம். இப்பவே போய் வாசல்ல நிக்க வேணாம். அவங்க அழுது முடிக்கட்டும், அப்புறமா புத்தகத்த எடுத்துக்கலாம்" என்று எங்கள் வண்டிக்காரர் போனில் சொல்வதை வெளியாள் யாராவது கேட்டால் என்ன நினைப்பார்களோ தெரியாது.

இந்தப் பெயர்களை வைத்தவள் என் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அத்தான், அதாவது என் கணவரின் அண்ணன், முதலில் நடத்தியது வாடகை நூலகம். வீடு தேடிப் போய்ப் புத்தகம் கொடுத்து வாங்கிவரும் நூலகம். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா அதற்கு ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காய் நறுக்கி முடித்த கையோடு எழுதினாள் என்று என் மாமியார் சொல்லுவார். அந்தக் கதையில் காய் ஒவ்வொரு தடவையும் மாறும். மருமகளின் கெட்டிக்காரத்தனம் மட்டும் மாறாது. பிறகு ஊரில் படிப்பவர்கள் குறைந்துபோனார்கள். நெடுநாள் வாசகி ஒருத்தி படுக்கையில் விழ, அவளுக்காக அத்தான் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி வாங்கிப் போய்க் கொடுத்தார். அதை எங்காவது பதிந்தாக வேண்டுமே. அக்கா அதை ஒரு புத்தகமாகவே நிரலில் ஏற்றிவிட்டாள். தலைப்பு: சக்கர நாற்காலி. ஆசிரியர் என்ற இடத்தில் அதைச் செய்த கம்பெனியின் பெயர். பக்கங்கள் என்ற இடத்தில் எடை.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு நினைத்திருப்பார்கள். அதன்பின் நாற்காலிகள் பெருகின, கட்டில்கள் வந்தன, புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டார்கள். நிரல் மட்டும் நூலகமாகவே இருந்துவிட்டது. அக்காவுக்கு வேறு ஊரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்து, அத்தானும் கூடவே போனார். தொழிலின் முதலாளி இன்றைக்கும் அவர்தான். இங்கே அதை ஓட்டுவது என் கணவர். நானும் கணினி படித்தவள் என்பதால், மூத்தாள் விட்டுப்போன பிள்ளையை இளையாள் வளர்ப்பதுபோல, அந்த நிரல் என் மடியில் வந்து விழுந்தது.

ஒருத்தி எழுதிய நிரலை வருடக்கணக்கில் படித்தால் அவளோடு குடித்தனம் நடத்தியதுபோல் ஆகிவிடுகிறது. எங்கே அவசரப்பட்டாள், எங்கே தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள், எந்த இடத்தில் கொட்டாவி வந்து இது போதும் என்று எழுந்து போனாள், எல்லாம் எனக்குத் தெரியும். அவள் புருஷனுக்குக்கூட அவளை அவ்வளவு தெரியாது. சில இடங்கள் அழகாக இருக்கும். அந்த இடங்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

ஒரு வாசகருக்கு மூன்று புத்தகங்களுக்கு மேல் கிடையாது என்று ஒரு விதி வைத்திருந்தாள். நாலாவது கேட்டால் திரையில் 'பேராசை பெருநஷ்டம்' என்று வரும். நாவல் கேட்கிறவர்களிடம் செய்த விளையாட்டு. கட்டிலும் மெத்தையும் நாற்காலியும் வாங்கிய வீட்டில் மூச்சு முட்டத் தொடங்கி, ஆக்சிஜன் வேண்டும் என்று அழைத்தபோதும் அதுவேதான் வந்தது. நான் முதலில் செய்த வேலை அந்த வாக்கியத்தை எடுத்தது. விதியை எடுக்க முடியவில்லை. அது நிரலின் மூலைமுடுக்கெல்லாம் வேர் விட்டிருந்தது. அதனால் நாலாவது சாமான் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அதே பெயரில் ஒரு நிழல் வாசகரை உண்டாக்கும்படி செய்தேன். அது சரியாக ஓடியது. சரியாக ஓடுவதை யாரும் பார்ப்பதில்லை.

கிடங்குக்காரர் அந்த மூன்றுக்கு ஒரு தத்துவமே வைத்திருந்தார். ஒரு வீட்டால் மூன்று சாமானைத்தான் துடைத்து, கழுவி, ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும்; நாலாவது தூசி படிந்துதான் திரும்பி வரும். "பெரியக்கா காரணமில்லாம வைக்க மாட்டாங்க" என்பார். நான் சின்னக்கா. நான் எதைச் செய்தாலும் அது பெரியக்கா செய்ததற்குப் போட்ட ஒட்டு.

வயிற்றெரிச்சல் என்று நம் ஆட்கள் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒருநாளும் நெஞ்சில் வந்ததில்லை. வயிற்றில்தான், அடுப்பை அணைத்த பிறகும் சூடு விடாத பாத்திரம்போலக் கிடக்கும். அவள் அழகு, அவள் சம்பளம், மாமியாரின் செல்லம் இவற்றையெல்லாம் நான் எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டேன். பெயர் வைத்தவள் அவள் என்பதை மட்டும் விட முடியவில்லை. ஒரு கட்டிடம் நிறைய ஆட்கள், நாள் முழுவதும், அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

அதனால்தான் புதிதாக ஒன்றை எழுதினேன். மதியத்தில் கிடங்கு அசந்திருக்கும் நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வருடத்துக்கு மேல். அதில் நாற்காலி உபகரணம். படுத்திருப்பவர் நோயாளி. எடை என்ற இடத்தில் எடை. திரையிலும், சாமானோடு போய்க் கையெழுத்து வாங்கிவருகிற சீட்டிலும் வருகிற சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் வைத்தேன். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அங்கே மாற்றினால் போதும். அக்காவுடைய நிரலில் ஒவ்வொரு முறை சாமான் போகும்போதும் முகவரியைத் திரும்ப எழுத வேண்டும்; ஒரே வீட்டின் முகவரி விதவிதமான பிழைகளோடு கிடக்கும். நான் ஆளோடு முகவரியைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். ஒருமுறை எழுதினால் தீர்ந்தது.

முடிந்துவிட்டது என்று கணவரிடம் சொன்ன அன்று அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு, "அண்ணி வர்றாங்கல்ல, ஒரு தடவ கண்ணால பாத்துட்டா நல்லாருக்கும்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான். அவங்க கை பட்டது இல்லையா."

அவருக்குக் கள்ளம் கபடம் கிடையாது. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்ததும், சில நாட்களில் பிடிக்காததும்.

அக்காவும் அத்தானும் விடுமுறைக்கு வந்தார்கள். வந்த மறுநாளே எல்லோரும் கிடங்கின் அலுவலக அறையில் கூடினோம். அக்கா பழைய நிரலைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஐயோ, கட்டிலுக்கு எழுபது பக்கமா? யாரு பாத்த வேலை இது?"

"நீங்கதான்க்கா. முதல் நாற்காலிய நீங்கதான் அப்படி ஏத்துனீங்க."

"நானா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு பகுதியாகத் திறந்து, யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தாள். எனக்கு மனப்பாடமாக இருந்த வரிகளுக்கு முன்னால் புருவத்தைச் சுருக்கினாள். கிடங்குக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மூன்று கணக்கைப் பற்றிப் பெரியக்கா வாயால் கேட்க வேண்டும் என்றார்.

"மூணா?" என்றாள் அக்கா. "தெரியலைங்களே. அன்னிக்கு என்ன தோணுச்சோ, வச்சிருப்பேன்."

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். அன்று சாயங்காலம்வரை யாரோடும் சரியாகப் பேசவில்லை.

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிதாக இருந்தது. அவள் அந்த நிரலை விட்டுக்கொடுக்காமல் வாதாடுவாள், நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி ஜெயிப்பேன் என்று எத்தனையோ மதியங்கள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவளோ அதைக் கையில்கூட எடுக்கவில்லை. இத்தனை வருடம் நான் வயிறெரிந்தது ஒருத்தி தின்றுவிட்டுப் போட்ட பழத்தோலைப் பார்த்தா? அந்த மூன்றுக்குக் காரணம் இல்லை என்றால், அதைச் சுற்றி நான் கட்டிய நிழல்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தானிடம் சொன்னாள், இதையெல்லாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும், வெளியில் தயாராகக் கிடைப்பதை வாங்கிவிடலாம், இப்போதெல்லாம் யாரும் சொந்தமாக எழுதுவதில்லை என்று. அத்தான் தலையாட்டினார். அவள் சொல்லி அவர் தலையாட்டாத நாள் கிடையாது. அவளுடையதோடு சேர்த்து என்னுடையதையும் ஒரே குப்பையாகக் கூட்டித் தள்ளப்போகிறார்கள் என்பது எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"நான் எழுதி முடிச்சிருக்கேன் அத்தான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அத்தான் யோசித்தார். "சரிம்மா. வடக்குப் பக்கம் போற வண்டிக்கு மட்டும் உன்னோடதப் போட்டு ஓட்டு. நாங்க கிளம்புறதுக்குள்ள தெரிஞ்சிரும். நல்லா ஓடுனா உன்னோடதே இருக்கட்டும். இல்லேன்னா வாங்கிடுவோம்."

நன்றாகத்தான் ஓடியது. சீட்டுகள் சட்டென்று வந்தன. நாலாவது சாமானுக்கு நிழல் தேவைப்படவில்லை. கிடங்குக்காரர்கூட இரண்டு நாளில் பழகிவிட்டார், ஆனால் வாய் மட்டும் புத்தகம் என்றே சொன்னது. மூன்றாம் நாள் வண்டிக்காரர் கையெழுத்தில்லாத சீட்டோடு திரும்பி வந்தார்.

"அந்த டெய்லரம்மா கையெழுத்துப் போட மாட்டேங்குது சின்னக்கா. 'போன தடவ வாசகர்னு போட்டிருந்தீங்க, இப்ப நோயாளியா? இடுப்புதானய்யா உடைஞ்சிருக்கு'ன்னு கேக்குது."

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் இன்னொரு வீடு. அப்பாவுக்கு வந்திருப்பது என்னவென்று அவரிடம் சொல்லாமல், முதுகுவலிதான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். சீட்டு கட்டிலின் மேல் கிடந்திருக்கிறது. அவர் எடுத்துப் படித்துவிட்டு, சீட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மகனிடம் ஒன்றுமே கேட்கவில்லையாம். மகன் என்னிடம் போனில் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகப் பேசினான்.

வேறு சொல் தேடினேன். பயனாளி என்றேன். சும்மா கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் வண்டிக்காரர். வாடிக்கையாளர் என்றேன். கிடங்குக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "வாடிக்கையா உடம்புக்கு வரணும்னு வாழ்த்துற மாதிரி இருக்கே சின்னக்கா" என்றார். நோயைச் சொல்லாமல், கருணையைக் காட்டாமல், காசை நினைவூட்டாமல் ஒரு ஆளைக் கூப்பிட ஒரு சொல் வேண்டும். அது ஏற்கெனவே இருந்தது. அவள் வைத்தது. இதற்காக யோசித்து வைத்ததும் இல்லை. தவறி விழுந்த இடத்தில் முளைத்திருந்தது.

சொற்களை வைத்திருந்த அந்த ஒரே இடத்தில் போய் நோயாளியை அழித்துவிட்டு வாசகர் என்று போட்டேன். எல்லாச் சீட்டிலும் அந்த நொடியே மாறியது. அவ்வளவு சுலபமாக மாறியது நான் அதைச் சரியாகக் கட்டியிருந்ததால்தான். என் நிரலின் கெட்டிக்காரத்தனம் முதல்முதலாகத் தெரிந்தது, அவள் வார்த்தையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதில். டெய்லரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் வீட்டில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். மற்றவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "உள்ள எப்படி எழுதியிருக்க, காட்டேன்" என்றாள். இந்த ஒரு வாரத்தில் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். படிக்கத் தொடங்கினாள். முதலில் "ம்", "அட", "இது நல்லாருக்கே" என்றெல்லாம் சொன்னாள். பிறகு சத்தம் நின்றது. உதடு மட்டும் லேசாகச் சிரித்தபடி இருக்க, கண் வேகவேகமாகக் கீழே இறங்கியது. எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று தேடுகிற கண். பாம்பின் கால் பாம்பறியும். அந்த முகத்தை நான் எத்தனையோ முறை வைத்துக்கொண்டு அவள் நிரலின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

"எங்க ஆபீஸ்ல" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் எழுதுனது எதுவும் ரெண்டு வருஷம் தாண்டுனதில்ல. மேல ஆள் மாறுவாங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிப்பாங்க. நீ குடுத்து வச்சவ. ஒண்ணையே வச்சு வளக்க முடிஞ்சுது."

என் வயிற்றில் ஒரு குளிர்ச்சி இறங்கியதை மறைக்க மாட்டேன். அது கொஞ்ச நேரம்தான் நீடித்தது. அவள் விரல் திரையில் ஓர் இடத்தில் நின்றது.

"ஒரு ஆளுக்கு ஒரே வீடா?"

"ஆமாக்கா. ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியதில்ல."

"நாலு பிள்ளைங்க இருந்தா? இந்த மாசம் இவங்க வீடு, அடுத்த மாசம் அவங்க வீடுன்னு மாத்தி மாத்தி வச்சுக்குவாங்களே. முகவரிய மாத்துனா இதுக்கு முன்னாடி எங்க போச்சுன்னே தெரியாதே. கட்டில் ஒரு வீட்ல நின்னுட்டு மெத்தை மட்டும் இன்னொரு வீட்டுக்குப் போனா?"

 வடக்குப் பக்கத்தில் அந்த வாரம் யாரும் வீடு மாறவில்லை, அதனால் தெரியவில்லை. பிழைகளோடு திரும்பத் திரும்ப எழுதப்பட்ட அவளுடைய முகவரிகள், சாமானோடு சேர்ந்தே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. அதை நான் முட்டாள்தனம் என்று நினைத்திருந்தேன்.

"எப்படி உனக்குத் தோணாமப் போச்சு?" என்றாள். பிறகு அவளே, குரலைத் தாழ்த்தி, "மாமா கடைசிவரைக்கும் இங்கதானே இருந்தாரு. அதான்" என்றாள்.

மாமனார் படுத்திருந்த காலத்தில், ஒரு மாதம் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று அக்காவும் அத்தானும் கேட்டார்கள். பயணம் தாங்காது என்று சொன்னவள் நான். தாங்கியிருக்கலாம். அவள் கையால் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, அதைப் பற்றியே பேசிக்கொண்டு அவர் திரும்பி வந்திருப்பார். படுத்த ஆளுக்கு ஒரே வீடுதான் என்பதை நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது. நிரலில் எழுதியது பிறகுதான்.

"அது தெரிஞ்சுதான்க்கா வச்சிருக்கேன்" என்றேன். "அப்புறமா சேத்துக்கலாம்னு."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த 'அப்புறம்' எப்படிப்பட்டது என்று இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். மீதி டீயைக் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்து மற்றவர்கள் வந்துவிட்டார்கள். மாமியார் பைகளை இறக்கி வைக்க, அத்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, வடக்குப் பக்கம் நன்றாக ஓடியதாகத் தம்பி சொன்னான், திங்கட்கிழமையிலிருந்து எல்லா வண்டிக்கும் என்னுடையதையே போட்டுவிடலாம்தானே என்று கேட்டார்.

நான் ஒரு வருடமாகக் காத்திருந்த கேள்வி. ஆமாம் என்றால் முடிந்துவிடும். முகவரிச் சிக்கல் தலைகாட்ட இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்குள் எல்லாக் கணக்கும் இதன் மேல் ஏறிவிடும். பிறகு யாராலும் எடுக்க முடியாது. அப்புறம் வரப்போகிறவள் யாரோ, என்னைத் திட்டிக்கொண்டே ஒட்டுப் போடுவாள். அதுவும்கூட ஒருவிதத்தில் இனிக்கத்தான் செய்தது. அக்கா கோப்பையைக் கழுவும் சாக்கில் எழுந்து போய்விட்டாள். குழாயை மெல்லியதாகத்தான் திறந்தாள். காது இங்கே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் குடுங்க அத்தான்" என்றேன். "முகவரியில ஒரு பெரிய தப்பு இருக்கு. இப்படியே போட்டா பின்னாடி அவிழ்க்க முடியாது. மாத்திட்டுப் போடறேன்."

அத்தானின் முகம் லேசாக மாறியது. "தப்பா? யாரு கண்டுபிடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவளேதான். இப்பத்தான் எங்கிட்டக் காட்டிட்டு இருந்தா. நல்லவேளை. இவ்வளவு பொறுப்பா யாரு பாப்பா? வெளியில வாங்கறதுக்கு இதுவே தேவலை, இவகிட்டயே விட்டுருங்க."

அத்தான் தலையாட்டினார். முடிந்துவிட்டது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது, அவள் வாயிலிருந்து. ஒரு நொடி நின்றுபார்த்தேன். பெருந்தன்மையும் அவளுடையதாகப் போகிறது. இனி என் நிரலில் ஒவ்வொரு முகவரியைத் திறக்கும்போதும் இந்த மதியத்தின் தர்மம் அதில் இருக்கும். வாசகர் என்ற சொல்லோடு நான் எப்படியோ வாழ்ந்துவிடுவேன். இதோடு வாழ முடியாது.

"இல்ல அத்தான்" என்றேன். "எனக்குத் தோணவே இல்ல. அக்காதான் பாத்துச் சொன்னாங்க."

குழாய்ச் சத்தம் நின்றது. அக்கா ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, கொடுத்ததை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று. முகத்தில் ஒரு கணம் வெறும் எரிச்சல். பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

மாமியார் நெகிழ்ந்துபோய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி செய்ததை இன்னொருத்தி பெயரில் போட இப்படிப் போட்டி போடுகிறீர்களே, எத்தனை வீட்டில் இந்த ஒற்றுமை உண்டு, ஊர்க் கண் பட்டுவிடப் போகிறது என்றார். என் கணவர் பெருமையாகத் தலையசைத்தார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்து, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "முகவரிய ஆளுகிட்டருந்து பிரிக்கணும்" என்றாள். "எனக்குத் தெரியும்க்கா" என்று அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.